மூன்று பட்டறைகளுக்கு ஒரு கருவி

அன்று மழை தூறியதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கார்க் கண்ணாடியில் துடைப்பான் ஓடியதாக நினைவு. அது வேறு நாளாகவும் இருக்கலாம். தொலைபேசியில் பேசியது மட்டும் அப்படியே இருக்கிறது.

துணி நிறுவனத்துக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இடையே நல்லுறவைப் பேணுவது என் வேலை. சாயத்தண்ணீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் புது முறையை மூன்று பட்டறைகளும் ஏற்கும்படி செய்தேன். கசடுத் தொட்டியில் விஷவாயு சேரும். அதைக் காட்டும் கருவி பட்டறைக்கு ஒன்று வேண்டும். அவர்களுக்குச் சுமையாக இருக்க வேண்டாமென்று ஒன்றே ஒன்று வாங்கினேன். எங்கே ஆய்வோ, அங்கே முன்கூட்டியே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிடுவேன்.

"அந்தப் பெட்டி நம்மளவிட நல்லா ஊர் சுத்துது சார்" என்பார் இரண்டாவது பட்டறைக்காரர். நானும் சிரிப்பேன்.

அன்றைக்கு மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவரிடம் வருவதாக இருந்தது. தொலைபேசியில் அழைத்தார்.

"தொட்டியக் கழுவணும் சார். பெட்டி எங்க?"

"மூணாவது பட்டறையிலண்ணே. இன்னிக்கு அங்க ஆய்வு."

"ஆளுங்க பயப்படறாங்களே."

"போன மாசமும் இறங்குனாங்கல்ல? இறங்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

இதற்கு மேல் சொல்லும்போது இந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றே சொல்கிறேன்.

தொட்டி கழுவ வந்த இருவரும் அண்ணன் தம்பி. அண்ணன் இறங்கி மயங்கி விழுந்தான். தூக்கப்போன தம்பி ஏணிப் பாதியில் சரிந்தான். பட்டறைக்காரர் மறுபடி அழைத்தார்.

"தம்பிக்காரன் முனகறான் சார். தீயணைப்புக்குச் சொல்லிடவா?"

"நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேற யாரும் இறங்கவும் வேணாம்."

அக்கறையில்தான் அதைச் சொன்னேன். மூன்றாவது பட்டறையில் ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கி, கைகுலுக்கி, கருவியைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன். நாற்பது நிமிடம். எல்லா சிக்னலிலும் ஒழுங்காக நின்றேன். கருவியைத் தொட்டியருகே மாட்டி, விளக்கு எரிவதைப் பார்த்த பிறகே தீயணைப்பு நிலையத்தை அழைத்தேன். அப்போது முனகல் எதுவும் கேட்கவில்லை.

எச்சரிக்கை ஒலித்தும் அலட்சியமாக இறங்கினார்கள் என்று அறிக்கை எழுதினேன். பட்டறைக்காரர் படிக்காமலே கையெழுத்திட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அண்ணனும் தம்பியும் இறந்துபோனார்கள். அவர்களுடைய அம்மா யாரோடும் பேசுவதில்லை. அண்ணன் மனைவி அதே பட்டறையில் துணி மடிக்கிறாள்; என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள். பட்டறைக்காரர் இன்னொரு தொட்டி கட்டியிருக்கிறார். புது முறை இப்போது பதினொரு பட்டறைகளில் நடக்கிறது. நான் மேலாளராகிவிட்டேன். இத்தனைக்கும் பிறகு, இவர்களில் ஒருவரோடும் என் உறவு கெடவில்லை.