களாச்செடி பிடித்து வைத்த ஆள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முண்டியம்பாக்கத்தில் ஏறிய இன்னொருத்தி அவரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லவேளைக்கா, எங்க மாமனாருக்கு முள்ளு குத்திச்சு."

"இன்னாடி சொல்ற?"

"தோட்டத்து மோட்டாரத் திருடிக்கினு போனாங்க இல்ல, அப்புறம் பின்பக்கம் பூரா வேலியா களாச்செடி வெச்சேன். காகிதப்பூ அழகா இருக்கும்னாரு வூட்டுக்காரரு. களாவுலதான் முள்ளு ஜாஸ்தின்னு நான் கேக்கல."

"முள்ளுச்செடி வூட்டுக்கு ஆவாதும்பாங்களே."

"மாமாவும் அதான் சொல்லிக்கினு இருந்தாரு. இப்பதான் அவருக்கு ஞாபகமே இல்லையே. காத்தால எழுந்து பாக்கறேன், கட்டில்ல ஆளு இல்ல. பின்கதவு தொறந்து கெடக்குது. செடிக்கு அந்தாண்ட ரயில்ரோடு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஐயோ."

"ஓடிப்போய்ப் பாத்தா, வேட்டி முள்ளுல மாட்டிக்கினு அங்கயே நிக்கிறாரு. கையெல்லாம் ரத்தம். அப்பதான் ரயிலு ஒண்ணு தடதடன்னு போவுது."



"இப்ப எப்படி இருக்காரு?"

"ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. அதோ பாரு."

டிரைவருக்குப் பின்சீட்டில், கையில் கட்டுப் போட்ட பெரியவர் மகன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"வலிக்குதுன்னு கத்தலையா?"

"இல்லக்கா. 'யாரோ வேட்டியப் புடிச்சிக்கினு உட மாட்றாம்மா, நீ கொஞ்சம் சொல்லு'ன்னாரு. 'புடிச்சிக்கட்டும் மாமா'ன்னு சொல்லிட்டு, அப்படியே தரையில உக்காந்துட்டேன்."