எத்தனை பாகம் ஆழம்

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும். போனைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள்.

“இந்தோனேசியாப் பக்கம் கடலுக்கு அடியில நிலநடுக்கமாம். ஆழம் அறுநூறாம். நான் எறங்குறேன், புள்ளைக கரையில வெளையாடுதுக.”

“உக்காருக்கா. ஆழத்துல வந்தது நல்லதுதான்.”

அங்கேதான் நான் காதைக் கொடுத்தேன்.

“நல்லதா? அறுநூறு பாகத்துல கெளம்புற அலை எம்புட்டு இருக்கும்?” கடல்காரர்களுக்கு ஆழமெல்லாம் பாகக் கணக்கு; இரு கை விரித்தால் ஒரு பாகம்.

“பாகம் இல்லக்கா, கிலோமீட்டரு. தண்ணியில இல்ல, பூமிக்குள்ள. அங்கன கடல் தரையே பெரிய பாறைப் பாளமா சரிஞ்சு உள்ள போகுது. மச்சான் விடுற தூண்டிக் கயிறு தண்ணிக்குள்ள தெரியுதா? மீன் கடிச்சு இழுக்குற எடத்த வச்சுத்தானே கயிறு எப்படிச் சாஞ்சு கெடக்குன்னு சொல்றாரு? அதே மாதிரி நடுங்குன எடத்தையெல்லாம் புள்ளி வச்சா, பாளம் எறங்குற சாய்வு தெரிஞ்சுரும். காலேஜுல நானே வச்சுப் பாத்திருக்கேன். இது அதோட அடி நுனியில நடுங்கிருக்கு. கடலத் தூக்காது.”

அக்கா பாதி உட்கார்ந்தாள்.

“மேலாப்புல வந்திருந்தா?”

“தூக்கும்.”

“அறுநூறுன்னு யாரு அளந்தா?”

“மெஷினுதான். மொதல்ல ஒண்ணு சொல்லும், பெறகு திருத்திச் சொல்லும்.”

சொன்ன பிறகுதான் தங்கைக்கே அது உறைத்தது. அக்காள் கையிலிருந்த போனைப் பிடுங்கித் தட்டினாள்.

“திருத்திட்டானா?”

“டவர் இல்லக்கா.”

திருப்பாலைக்குடியில் பஸ் நின்றது. முதலில் குதித்து இறங்கியவள் தங்கைதான்.