கொட்டிலுக்குள் போகுமுன் இருமவும்

முட்டையைக் கழுவக் கூடாது சார். நிறையப் பேருக்கு இது தெரியாது. இடும்போதே முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும். தண்ணீர் பட்டால் அது போய்விடும், பிறகு சீக்கிரம் கெட்டுவிடும். காய்ந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும். உங்கள் வீட்டில் கழுவித்தான் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, என் அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான். கழுவினால் பளபளவென்று இருக்கும், வாங்குகிறவன் மறுபேச்சு பேசமாட்டான் என்பார். நான் இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். மூன்றாம் முறை சொல்லவில்லை. சொல்லிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது என் சுபாவம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் மாமாவுக்கும் சண்டை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வருஷம் இருந்தோம், ஒரு நாள்கூடக் குரல் உயர்ந்ததில்லை.

இடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஊர் முடிகிற இடத்தில் ஒரு துண்டு நிலம், இரண்டு அறை வீடு, பின்னால் கழுதைக் கொட்டில், அதற்குப் பத்தடி எதிரே கோழிக்கூண்டு. படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் நான் அங்கே வந்தபோது, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். கோழிகள் என் பொறுப்பாயின. விடிந்ததும் திறந்துவிட வேண்டும், எச்சம் வழிக்க வேண்டும், கழிச்சல் கண்ட கோழியைத் தனியே பிரிக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் நாற்பது தலைகளை எண்ணி அடைக்க வேண்டும். கழுதைகள் இரண்டும், கிழவியும் சின்னவளும், மாமாவின் பொறுப்பு. சின்னவள் வாரத்தில் மூன்று நாள் மதியம் முட்டை வண்டியை இழுத்துக்கொண்டு அவருடன் சந்தைக்குப் போவாள். கிழவிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒரு வேலையும் கிடையாது. கொட்டிலில் நின்று தின்பாள், காலை வேளையில் இரண்டு கோழிகள் அவள் முதுகில் ஏறிக் குளிர்காயும். வேலைக்கு ஆகாத கழுதையை அவர் விரட்டாமல் வைத்திருந்தார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. நல்லதையும் சொல்ல வேண்டும்.

கொட்டிலைக் கட்டியவர் மாமா. இது உண்மையிலேயே அவர் கட்டியது. தீனித்தொட்டியை உள்சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டார், கதவு எதிர்ப் பக்கம். ஆகவே யார் உள்ளே நுழைந்தாலும் கழுதையின் பின்னங்காலைத்தான் முதலில் சந்திக்க வேண்டும். தப்பு தெரிந்தபோது சிமென்ட் காய்ந்துவிட்டது. இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டார்.

"கண்ணு தெரியாத ஜீவன் மாப்ள. திடீர்னு பின்னாடி ஆள் வந்தா பயந்துடும். அதனால ஆளுக்கு ஒரு சத்தம் வெச்சுக்கணும்."

அவருக்கு இரண்டு இருமல். அக்காவுக்கு வாளியின் பிடியை ஆட்டி ஒரு கிணுக். எனக்கு விசில். இருமல், உடனே வாயருகே ஒரு கை தவிடு. இப்படியே இருபது நாள் செய்து கிழவிக்குப் பழக்கினார். அதற்குப் பிறகு அவர் கதவருகே இரண்டு முறை இருமினால் போதும், அவள் காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி வழிவிடுவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

"கழுதைன்னா மக்குன்னு நெனைக்காத" என்று எனக்குச் சொன்னார். "ஒரு தடவ மனசுல போட்டுக்கிச்சுன்னா சாகற வரைக்கும் மறக்காது."

நான் கவனித்துக் கேட்டுக்கொண்டேன்.

கோழிக்கூண்டை நான் கட்டினேன். கிடைத்த பலகை, பழைய தகரம், பதினொரு நாள். தரையைத் தூக்கிச் சரிவாக வைத்தேன், எச்சம் தானாக வழிந்து கீழே விழும். வைக்கோல்காரர் வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாமா சொன்னார், "ரெண்டு வாரம் ராவும் பகலும் யோசிச்சேன் அண்ணே. அப்புறம்தான் இந்தச் சரிவு தோணுச்சு." நான் ஆணிப் பெட்டியோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் என்னிடம் தனியாகச் சொன்னாள், "விடுடா. அவர் சொன்னா சொல்லிட்டுப் போறார். கூண்டு எந்திரிச்சு ஓடிடப் போகுதா?"

ஓடவில்லை. விட்டுவிட்டேன்.

அதே வைக்கோல்காரருக்கு இன்னொரு நாள் வீட்டை அறிமுகம் செய்துவைத்தார். "இது கிழவி, கண்ணு தெரியாது. இது சின்னவ, கொஞ்சம் திமிரு. அது எங்க மாப்ள, காலேஜெல்லாம் படிச்சிருக்கு."

"கடிக்குமா?" என்றார் வைக்கோல்காரர்.

"படிச்சது கடிக்காதுண்ணே. பேசும்."

அக்கா டீ டம்ளர்களோடு வந்துகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்குதான், நேரம் பார்த்து விழுந்தது. அக்கா அப்படி விழுந்து விழுந்து சிரித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான்.

பிறகு நாய் வந்தது. பட்டப்பகலில் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து மூன்று கோழிகளைக் கிழித்துப் போட்டது. மாமா சந்தையில், அக்கா கடையில். நான் மண்வெட்டியோடு போனேன். அது என் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டது. காலை விடுவித்துக்கொண்டு, அதை வேலிக்கு வெளியே தள்ளி அடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஏழு தையல், ஐந்து ஊசி. இதோ தழும்பு. அந்த நேரம் கிழவி கொட்டிலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் என்பது உண்மை. கழுதை கத்தும்.

மாமா திரும்பி வந்து கதையைக் கேட்டார். மறுநாள் முதல் ஊரெல்லாம் வேறு கதை. கிழவி போட்ட சத்தத்தில் நாய் மிரண்டு ஓடிவிட்டதாம். கண் தெரியாவிட்டால் என்ன, வீட்டைக் காக்கிற புத்தி எங்கே போகும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். சந்தையிலிருந்து அவளுக்காக ஒரு பை கேரட் வந்தது. கால்நடை டாக்டர் வந்து அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். நான் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு என்னப்பா கால்ல?" என்றார் டாக்டர்.

"ஓடறப்ப விழுந்துட்டான்" என்றார் மாமா.

அக்கா கேரட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குத் தன் வாயால் சொன்னது எதுவும் பொய் என்று தோன்றாது. சொன்னதும் நம்பிவிடுவார். அது ஒரு வியாதி. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது, வியாதிக்காரன்மேல் யார் கோபப்படுவார்கள்? அவர் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று ஒரு மதியம் தோன்றியது. கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டே யோசித்தேன். அக்காவுக்கும் அது நல்லது என்று பட்டது. அவள் நன்றாகச் சமைப்பாள், கெட்டிக்காரி, இன்னொருவர் சொல்லுக்குத் தலையாட்டியே பாழாகிக்கொண்டிருந்தாள்.

முறை புதிதாக ஒன்றும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்ததுதான். தவிட்டுக்குப் பதில் கோணி ஊசி.

அவர் சந்தைக்குப் போகிற நாட்களில், அக்கா மதியம் கண்ணயர்கிற நேரத்தில், கொட்டிலின் வெளிப்பக்க ஆணியில் தொங்கும் அவருடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வேன். கழுதைக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். சட்டையில் அவர் வேர்வை ஊறியிருந்தது. வெளிப்பக்கம் நின்று இரண்டு முறை இருமுவேன். அவர் இருமலை அப்படியே எடுத்துவிட்டேன், முதலாவது நீளம், இரண்டாவது குட்டை. காலேஜில் ஆசிரியர்களைப் போலப் பேசிக்காட்டிய பழக்கம் கைகொடுத்தது. பிறகு ஒரு நீளக் குச்சியில் கட்டிய ஊசியைப் பலகை இடுக்கு வழியாக விட்டு, பின்தொடையில் ஒரு குத்து. ஒரு நாளைக்கு ஐந்து. அதற்கு மேல் போனதில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை.

முதல் வாரம் துள்ளினாள். இரண்டாம் வாரம் இருமல் கேட்டதும் நடுங்கினாள். மூன்றாம் வாரம் உதைத்தாள், இரண்டு பலகைகள் பிளந்தன. மாமா புதுப் பலகை அடித்துவிட்டு முன்னைவிட உறுதியாகச் செய்திருப்பதாக வைக்கோல்காரரிடம் சொன்னார்.

காலையில் அவர் நிஜமாகவே இருமிக்கொண்டு தவிட்டோடு போவார். அவள் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நிற்பாள். அவருக்கு அது பெரிய வருத்தம்.

"என்ன கெழவி, நான்தான். என்னைத் தெரியலையா?"

தவிட்டை இரண்டு கையாக்கினார். நானும் என் பங்கை விடாமல் செய்துவந்தேன். தவிடு வயிற்றோடு போய்விடுகிறது சார், குத்து நிற்கிறது. அவரும் விவரமானவர், எட்டி நின்றே தீனி போட்டு வந்தார். ஆனால் ஆறாம் வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். பழக்கப்பட்ட இடத்தில் எல்லோரும் மறப்பார்கள்.

ஆறாம் வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். முதல் நாள் அக்கா வாளியைக் கிணுக்கிக்கொண்டு உள்ளே போனாள், தீனி வைத்தாள், வந்தாள். கிழவி பூனைக்குட்டி மாதிரி நின்றாள். இரண்டாம் நாள் நான் அடைக்கோழியின் அடியில் கையை விட்டு முட்டைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு முட்டை, பொரிக்க இரண்டே நாள். அப்போது இருமல் கேட்டது. இரண்டு. மாமா எழுந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கூண்டின் வலை வழியாகப் பார்த்தேன். காக்கிச் சட்டை, இரண்டு கையிலும் வைக்கோல் கட்டு. சட்டைக் காலருக்கு வெளியே ஜடை தொங்கியது.

அக்காவுக்கும் அவருடைய சளி ஒட்டிக்கொண்டிருந்தது. குளிருக்கு ஆணியில் தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். கை நிறைய வைக்கோல் இருந்ததால் வாளியை எடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் முழுத் தப்பும் மாமாவுடையது. இருமும்போது வாயைப் பொத்துங்கள் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் சிக்கும். தூக்கி, ஆட்டி, இழுக்க வேண்டும். முழங்கையால் செய்ய அவளுக்கு இன்னும் அதிக நேரம் ஆயிற்று. "அக்கா" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் கூப்பிட்டால் அவள் "என்னடா?" என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? உள்ளே போகாதே என்றால் ஏன் என்பாள். அவளிடம் பாதியைச் சொல்லி நிறுத்த முடியாது, தோண்டித் துருவிவிடுவாள். தவிர, அடைக்கோழியின் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது. மிரண்டு எழுந்துவிட்டால் முட்டைகள் குளிர்ந்து உள்ளேயே செத்துவிடும். அந்த நிமிஷத்தில் எனக்கு இதெல்லாம் தெளிவாகத் தோன்றியது. டீ டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்ததும் கொஞ்சம் தோன்றியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதவு திறந்தது. வைக்கோலைப் போட அவள் குனிந்தாள், குனிந்தபடியே இன்னொரு முறை இருமினாள்.

ஒரே உதை. கிழவி அவ்வளவு நேராக உதைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முட்டைகளைத் திரும்ப ஒழுங்காக வைத்து, கோழி சரியாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் போனேன். அக்கா ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் இருந்தாள். கண் விழிக்கவில்லை.

உங்கள் ஸ்டேஷன் ஆள் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். நான் குறுக்கே பேசவில்லை, பேசியிருக்கவும் மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். வீட்டில் ஊர்க்கூட்டம். மாமா நடுவில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொள்கிறார்.

"நான்தான் கொன்னேன். நான் எந்திரிச்சுப் போயிருந்தா அவ போயிருக்க மாட்டா. நான்தான் கொன்னுட்டேன்."

வைக்கோல்காரர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பெண்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நேற்று கால்நடை டாக்டர் கிழவியைப் பார்க்க வந்தார். பின்தொடையில் பொருக்குகளைத் தடவிப் பார்த்து, "யாரோ குத்தியிருக்காங்க, நாள்கணக்கா" என்றார். மாமா பக்கத்தில் நின்று இருமினார். கிழவிக்கு உடம்பெல்லாம் உதறியது. டாக்டர் மாமாவையே பார்த்தார். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சரியா பாத்துக்கல டாக்டர், எல்லாம் என் தப்பு" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிழவிக்கு நாளைக்கு ஊசி போட்டு முடித்துவிடப் போகிறார்களாம். அவளைக் காப்பாற்ற வந்தேன் என்று சொன்னால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். நான் பொய் சொல்வதில்லை. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்றும் எழுதாதீர்கள், நன்றாகத்தான் தூங்குகிறேன். கோணி ஊசி கூண்டுத் தகரத்துக்கு அடியில் இருக்கிறது, குச்சியும் அங்கேயே. அந்த இருமல் வேண்டுமானால் இப்போதே இருமிக் காட்டுகிறேன்.

ஆறு வாரம் சார். ஒரு சந்தை நாள்கூடத் தவறவில்லை. யோசித்தது நான், செய்தது நான். போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர் எழுந்து வந்து "நான்தான், நான்தான்" என்கிறார், ஊரும் தலையாட்டுகிறது. அக்கா இருந்திருந்தால் இதையும் விடுடா என்றுதான் சொல்லியிருப்பாள். டாக்டர் சொன்னதை வைத்து மாமாவைக் கூப்பிட்டு நீங்கள் எழுதிய அந்தக் காகிதத்தில் அவர் பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவரும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார், கதவு திறந்தே இருக்கட்டும்.