பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல

இல்லம்மா, பாட்டெல்லாம் சூப்பரா கீது. போன வாரம் நீ இந்தக் கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுத்த சிடியில ஒண்ணுகூட திக்கல. நான் சொல்றது இன்னான்னா, ஒரு பாட்டு முடிஞ்சி அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள கம்முனு கீது பாரு, ரெண்டு செகண்டு, அது வேணாம். ஒட்டிக்கினு வரணும். இது முடியறதும் அது தொடங்கறதும் தெரியவே கூடாது.

பென்டிரைவா? எல்லாரும் அதான் சொல்றாங்க. என் ஜீப்புல அத்த சொருவற ஓட்ட புழுதி ஏறி மூடிக்கிச்சி. சிடி மட்டுந்தான் எடுக்குது, அதுவும் பழைய மாதிரி எழுதினாத்தான். புதூர்நாடு சின்னராசு ஜீப்புன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டுப் பாரு, யாரு வேணா சொல்லுவாங்க. காலைல மலைலேர்ந்து எறங்குவேன், மதியம் ஏறுவேன். ஒண்ணேகால் மணி நேரம். உன் சிடி எம்பது நிமிசமா? சரியா போச்சி.

ரெண்டு செகண்டுல இன்னா ஆயிடப் போவுதுன்னு கேக்கற. சிரிக்கக் கூடாது, சொல்றேன்.

அதோ எதிர்ல, டீக்கடையாண்ட நிக்குது பாரு பச்ச ஜீப்பு. முன்சீட்ல குந்தினு கீறது எங்க வூட்டுக்காரம்மா, பூங்கோதை. சந்தை நாள்ல புளி எடுத்துக்கினு எங்கூட வருவா. எங்க ஜீப்புல ஒரு வழக்கம் கீது. பாட்டு ஓடறப்போ யாரும் பேசக் கூடாது. நான் போட்ட சட்டம் இல்ல தாயி. பின்னால பதினஞ்சு பேரு, ஒருத்தர் மடியில ஒருத்தர் குந்தாத கொறையா, எம்பாட்டு எப்போ வரும்னு காத்துனு வருவாங்க. நடுவுல எவனாவது பேசினா அவ்ளோதான், ஏய், எறங்கி நடந்து போடான்னு கத்துவாங்க. இவளும் அந்த மரியாதைய மீற மாட்டா. பாட்டு முடியற வரைக்கும் ரோட்டையே பாத்துனு வருவா. முடிஞ்சிதா? அந்த ரெண்டு செகண்டுல, புள்ள போன் பண்ணானான்னு கேப்பா. அளவெடுத்துத் தெச்ச மாதிரி அடங்கும்மா அந்தக் கேள்வி! நான் இல்லன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துரும். பதினாறு பாட்டுக்கு நடுவுல எத்தன எடம் கீது, நீயே எண்ணிக்கோ.

வூட்ல கேக்க மாட்டா. வூட்ல கேட்டா நான் கத்துவேன். ஜீப்புல பின்னால ஆளுங்க கீறாங்க, கத்த முடியாது. அது அவளுக்கு நல்லாத் தெரியும். எம்மாம் வெவரம் பாத்தியா!

பாட்டே போடாம ஓட்டறதா? நல்லா சொன்ன போ. அப்போ அடிவாரத்துலேர்ந்து வூட்டு வாசல் வரைக்கும் கேப்பா.

ஒரே புள்ளதான். நவீன்குமாரு. ஓசூர்ல கம்பெனியில கீறான். ரெண்டு வருசம் முன்ன, கூட வேல செய்ற பொண்ணக் கட்டிக்கினான். எங்க ஊருக்குத் தலைவரு ஊர்க்கவுண்டரு, அவருக்கு சொல்லல, ஊருக்கு சொல்லல, எங்களுக்கும் சொல்லல. தாலி கட்டிட்டு போட்டோ அனுப்பறான். மலை ஏறாதடான்னுட்டேன். இப்போ ஊரே அத்த மறந்துபோச்சி. இன்னாப்பா, புள்ளய வரச் சொல்லுன்னு ஊர்க்கவுண்டரே சொல்றாரு. ஊர மதிக்கலன்னுதான் எனக்குக் கோவம்னு நானும் நெனச்சினு இருந்தேன். வண்டி ஓட்டறவனுக்கு யோசிக்கறதுதான வேல. யோசிச்சா அது இல்ல. அப்பனாண்ட சொன்னா வேணாம்னுதான் சொல்லுவான்னு அவன் சரியா கண்டுபிடிச்சி வெச்சிருந்தான் பாரு, அதான் கோவம்.

ஆங், அங்கதான். அந்த ரெண்டு செகண்டுக்கு பதிலா ஜீரோன்னு போடு. மொத பாட்டுக்கு முன்ன மட்டும் ரெண்டு செகண்டு வுட்டே ஆவணுமா? வுடு, அப்போ வண்டியே கெளம்பியிருக்காது. இன்னாது, பாட்டுக்குள்ளயே கடைசில சத்தம் இல்லாம கொஞ்சம் கீதா? அந்த வால வெட்டிரு. அடுத்ததுக்கு முன்னாலயும் வெட்டு. கெட்டுப்போனா போவட்டும், யாரு பாட்டு கேக்கறது. எல்லாம் முடிஞ்சி மறுபடி மொதல்லேர்ந்து சுத்தறதுக்கு பத்து செகண்டு ஆவுமா? அடியம்மா, பத்து செகண்டுல அவ அழுதே முடிச்சிருவாளே! அதுக்குள்ள வூடு வந்துரும், பாத்துக்கலாம்.

புள்ள நெஜமாவே போன் பண்ணலையாவா? நீயும் அவள மாதிரியே கேக்கற பாரு.

பண்றான்மா. ஞாயித்துக்கெழம தவறாம பண்றான். வூட்ல ஒரே போனு, அது என் சட்டப் பையில. வூட்டாண்ட சிக்னலும் கெடையாது, நாலு வளைவு மேல ஏறினாத்தான் கெடைக்கும். போன அம்மாகிட்ட குடுன்னுதான் ஆரம்பிப்பான். உங்கம்மா உன் கொரலையே கேக்க மாட்டேன்றாடா, கொஞ்ச நாள் போவட்டும்னு நான் சொன்னேன். மொத தடவ வாயில தானா வந்துது. அடுத்த வாரம் மாத்திச் சொல்ல முடியுமா? அப்படியே போய்க்கினு கீது. அங்க அவன் அம்மாதான் வேணாம்றான்னு நெனச்சினு கீறான். இங்க இவ, புள்ள மறந்துட்டான்னு நெனச்சினு கீறா. நடுவுல நான் நல்லவனாட்டம் ஜீப்பு ஓட்டினு கீறேன். போன மாசம் அவனுக்குப் பொண்ணு பொறந்துருக்குது.

இன்னா, கைய எடுத்துட்ட? எழுதி முடிஞ்சிதா? அப்படிப் பாக்காதம்மா.

அய்யய்யோ, எறங்கிட்டா. இங்கதான் வர்றா. நீ ஒண்ணும் வாயத் தொறக்காத, கம்முனு இரு. இல்ல, கம்முனு இருக்காத. அந்த சிடியப் போடு. நல்லா சத்தமா வெய்யி.