அழுகல் நோய்ப் பாடம்

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் எனக்கு முன்னால் ஏலத்தோட்டத்துப் பெண்கள் இருவர். இளையவள் சிரித்தபடி, "நான் களவாணி இல்லையாம் மதினி" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"ஏலச்செடி அழுகல் நோயப் பத்தி நெட்டுல யுனிவர்சிட்டிப் பாடம் ஒண்ணு இருந்துச்சு. அத நம்ம பேச்சுல மாத்தி, தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டேன். கேஸு போடுவாகளோன்னு நாலு நாளாத் தூக்கமில்ல. தாங்க முடியாம, எழுதுன வாத்தியாருக்கே மெயில் போட்டுக் கேட்டுட்டேன்."

"திட்டுனாரா?"

"இல்ல. யாரு வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், நாலு பேருக்குக் குடுக்கலாமாம். பாடத்துக்குக் கீழயே அப்படித்தான் எழுதியிருக்காம். அவரு பேர மட்டும் போட்டாப் போதுமாம்."

"போட்டிருக்கேல்ல?"

"மாட்டிக்கிருவோம்னு பயந்து, அத மட்டுந்தான் மதினி வெட்டி எடுத்தேன்."