மூன்றாம் பாகத்தில் யாரும் பயப்படவில்லை

என் பெயர் அருணா. வயது 44. கணவர் பெயர் வெள்ளைச்சாமி, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம், மேலத்தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். கடைவீதியில் ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இந்தக் கோர்ட்டுக்கு வரவில்லை என்று, குற்றவியல் நடுவர் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். இதே விஷயத்தை ஸ்டேஷனில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. இது மூன்றாவது முறை.

இந்த வழக்கில் முதல் எதிரி என்று எழுதப்பட்டிருக்கும் ஆத்மநாதன், வயது 24, என் கூடப்பிறந்த அக்கா அழகம்மாளின் மகன். அவனை ஆத்மா என்று கூப்பிடுவோம். மற்ற இருவர் அவனுடைய சேக்காளிகள், அவர்களை எனக்கு முகம் மட்டும் தெரியும். காயம்பட்ட மூக்காயி, வயது 53, சம்பவம் நடந்த திரையரங்கில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்துகொண்டு, இடைவேளையில் முறுக்கு, கடலைமிட்டாய் விற்று வந்தவர். எனக்கு உறவு இல்லை. பல வருஷமாக அவரிடம் முறுக்கு வாங்கிய பழக்கம்.

எனக்குப் பேய்ப்படம் பார்க்கும் பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பேய்ப்படம் வெளியானால் மெடிக்கலில் அரைநாள் லீவு கேட்டு மேட்னி போய்விடுவேன். தனியாகத்தான் போவேன். படம் பார்த்து வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதைப் பற்றி நாலு வரி போடுவேன். அதைப் படித்துவிட்டு, மாத்திரை வாங்க வருகிறவர்கள், "அக்கா, புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்று கேட்பார்கள். தனியாக இருக்கிற பொம்பளைக்குப் பேய்ப்படம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டில் பயம் வந்தால் நான் ஒருத்திதான் பயப்பட வேண்டும், தியேட்டரில் எல்லோரும் சேர்ந்து பயப்படுகிறோம் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொன்ன பதில்.

பொங்கல் கழிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை 'கூடத்துக்கதவு' படத்தின் மூன்றாம் பாகம் வெளியானது. நான் வழக்கம்போல் மேட்னிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டம் பாதிகூட இல்லை. எனக்கு நாலைந்து வரிசை முன்னால், நடைபாதை ஓரமாக, ஆத்மாவும் அவன் சேக்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்மா முன் இருக்கையின் மேல் கால் போட்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. பெரிய பையன் ஆகிவிட்டான், சித்தியைப் பார்த்தால் சங்கடப்படுவான் என்று நான் கூப்பிடவில்லை.

அதன் பிறகு படம் ஓடியது. இடைவேளைக்குச் சற்று முன்னால், படத்தில் கூடத்துக் கதவு தானாகத் திறக்கிற காட்சி வந்தது. அந்தச் சமயம் திரைக்குப் பக்கத்துக் கதவு நிஜமாகவே திறந்து, வெள்ளைச் சேலை கட்டி, முகத்தை மறைத்து நீளமாகச் சவுரிமுடி தொங்கவிட்ட ஒரு உருவம் நடைபாதையில் மெதுவாக ஏறி வந்தது. தியேட்டர் மேனேஜர் ராக்கன்தான் விளம்பரத்துக்காக இப்படி ஏற்பாடு செய்தார் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. ஆனால் வருவது மூக்காயி என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. சேலைக்குக் கீழே அவர் எப்போதும் போடும் நீல ரப்பர் செருப்பு இருந்தது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடையும் அவருடையதுதான். முன்வரிசையில் ஒருவர், "யக்கா, முறுக்கு ஒரு பாக்கெட்டு!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆத்மாவும் சிரித்தான். "டேய், மூக்காயி பேயா வருதுடா" என்று அவன் சொன்னதை என் காதால் கேட்டேன்.

மூக்காயி நிற்கவில்லை. ஓர இருக்கையில் இருப்பவர்களின் தோளைத் தொட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். அதன்படி ஆத்மாவின் தோளில் கையை வைத்தார். அவன் எழுந்து சவுரிமுடியைப் பிடித்து இழுத்தான். முடி கையோடு வந்துவிட்டது. முகம் தெரிந்த பிறகுதான் அடி விழுந்தது. நடுவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஆத்மா கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தான். மூக்காயி படியில் விழுந்தார். அதன் பிறகு இரண்டாம் எதிரி காலால் உதைத்தான். மூன்றாம் எதிரி செல்போனை உயர்த்திப் படம் பிடித்தான். "நாந்தான்யா, மூக்காயிய்யா" என்று அவர் கையைத் தூக்கிக்கொண்டே சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகும் உதைத்தார்கள்.

நான் எழுந்து ஓடி, மூக்காயிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்று, "டேய் ஆத்மா" என்றேன். அவன் என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டு, "சித்தி, சும்மா வெளையாட்டுக்கு" என்றான். அதற்குப் பிறகும் விளக்குப் போட நேரமானது. படம் நிற்கவில்லை. மூக்காயியை நானும் டிக்கெட் கிழிப்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வெளியே கொண்டு வந்தோம். இடைவேளை மணி அடித்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். முறுக்குத் தட்டு துணி மூடியபடி கவுண்டரில் இருந்தது. ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இத யாரு விக்கிறது?" என்று கேட்டார். அதன் பிறகு ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு என்றும், இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்றும் டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு எதிரிகள் கைதானார்கள். அடுத்த வாரம் அக்கா அழகம்மாள் என் வீட்டுக்கு வந்தார். இருட்டில் நிஜப் பேய் என்று ஆத்மா பயந்து, தன்னைக் காத்துக்கொள்ளக் கையை வீசியதில் பட்டுவிட்டது என்று ஜாமீன் மனுவில் எழுதியிருப்பதாகவும், வீடியோவில் அலறல் சத்தம் கேட்பதே அவர்கள் பயந்ததற்கு அத்தாட்சி என்று வக்கீல் சொல்வதாகவும் தெரிவித்தார். "ஒன்னயப் பொய் சாட்சியா சொல்லச் சொல்றேன்? அவன் அடிக்கலன்னு சொல்ல வேணாம். படம் பயங்கரமா இருந்துச்சு, நானே பயந்துட்டேன்னு ஒரு வார்த்த. பேய்ப்படத்தப் பத்தி நீ சொன்னா ஊரே நம்பும். அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றார். அவர் அழுதார். ஆத்மா சிங்கப்பூர் போக என் கணவர்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கேஸ் இருந்தால் அது நடக்காது.

அன்று சாயந்திரம் கணவரிடம் போனில் சொன்னேன். "ஒனக்குச் சரின்னு பட்டதச் சொல்லு. ஆனா அக்கா வீட்டு வாசப்படி இனிமே மிதிக்க முடியாது, அதையும் யோசிச்சுக்க" என்றார். யோசித்தேன். யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

படம் பயமாக இருந்ததா என்பதைத்தான் எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்கிறேன். படம் பயமாக இல்லை.

முதல் பாகம் பயமாக இருந்தது. அதில் கிணற்றில் விழுந்து செத்த மகள், ராத்திரியில் கூடத்துக் கதவைத் தட்டுவாள். திறந்தால் உயிர் போய்விடும் என்று எல்லோரும் சொல்லியும், மகளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அம்மா போய்த் திறப்பாள். பேயைக் கடைசி வரை காட்டவே மாட்டார்கள். கதவு மட்டும்தான். அந்தப் படத்தின்போது பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தவர் இடைவேளை வரை விடவில்லை. விளக்கு வந்ததும் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பாகத்தில் அதே கதவைக் கழற்றி மலை மேல் ஒரு பங்களாவில் மாட்டினார்கள். பேய் எதற்கு வருகிறது என்று நமக்கே தெரிந்த பிறகும் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார்கள். நடுவில் சிரிப்பு நடிகர் மூன்று பேர். அதன் பிறகு முதல் பாகத்தை ஹிந்தியில் எடுத்தார்கள். அதில் அம்மாவுக்கு மகள் மேல் பாசம் இல்லை, சொத்து மேல்தான் ஆசை. மூன்றாம் பாகம் என்று இப்போது வந்திருப்பது அந்த ஹிந்திப் படத்தைத் திரும்பத் தமிழில் எடுத்தது. பேய் நாலாகிவிட்டது. பேய் கூடக் கூடப் பயம் குறையும் என்பது என் அனுபவம். கதவு திறப்பதற்கு முன்னாலேயே சத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். காது வலிக்கும், வேறொன்றும் இல்லை. வருஷா வருஷம் இதுதான் நடக்கிறது, நானும் வருஷா வருஷம் போய் உட்காருகிறேன். ஒரு படமாவது முதல் பாகம் மாதிரி இருந்துவிடாதா என்றுதான்.

பயந்த கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சத்தமே வராது. இருமல்கூட வராது. காலைத் தூக்கி இருக்கை மேல் வைத்துக்கொள்வார்கள். அன்று பாதிப் பேர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த வெளிச்சத்தில்தான் எனக்கு எல்லாமே தெரிந்தது. வீடியோவை ஸ்டேஷனில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் கேட்கும் அலறல் தியேட்டரில் இருந்தவர்கள் போட்டது இல்லை, படத்தில் வருவது. முதல் பாகத்தில் கிணற்றடியில் வந்த அதே அலறலைத்தான் மூன்று பாகத்திலும் போட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் இரண்டையும் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். அலறலுக்கு நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அதுதான் ஆட்கள் போட்ட சத்தம்.

ஆத்மா பயந்தால் எப்படி இருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அக்கா வயல் வேலைக்குப் போகும்போது அவனை என்னிடம் விட்டுப் போவார். டிவியில் பேய்ப்படம் போட்டால் என் மடியில் உட்கார்ந்து பார்ப்பான். பயம் வந்தால் அவன் கத்த மாட்டான், கையை ஓங்க மாட்டான். என் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, "சித்தி, போயிருச்சா?" என்று கேட்பான். போகவில்லை என்றால் அப்படியே உட்கார்ந்திருப்பான். அவன் உடம்பு முழுக்கக் குளிர்ந்து போகும். அன்று நான் நடுவில் போய் நின்றபோது அவன் கை என் தோளில் பட்டது. சூடாக இருந்தது. இதை அவன் மேல் உள்ள கோபத்தில் நான் சொல்லவில்லை. வழக்கில் அவன் எதிரி என்று இருக்கிறது, எனக்கு அந்த வார்த்தை இன்னும் பழகவில்லை.

நான் பயந்தேனா என்று நடுவர் அவர்கள் கேட்டார். ஆத்மாவும் சேக்காளிகளும் சிரித்துக்கொண்டே எழுந்தபோதுதான் பயந்தேன். அதற்கு முன்னால் பயப்படவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று மூக்காயியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இடது காது கேட்காததால் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் ராக்கன் ஒரு தடவைகூட வரவில்லை என்றார். அதை வருத்தமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். அதன் பிறகு, "நான் எப்புடி நடக்கணும்னு வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேம்மா. எம் பேத்தி பயந்து ஓடிட்டா. தியேட்டர்ல ஒருத்தருமா பயப்படல?" என்று கேட்டார். கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "நான் பயந்தேங்க. நெஜமாப் பயந்துட்டேன்" என்றேன். "நீங்க எம்புட்டுப் படம் பாத்தவுக" என்று சொல்லி மூக்காயி சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அவரிடம் நான் சொன்னது உண்மை இல்லை, அவருடைய பேய் வேஷத்துக்கு நான் பயப்படவில்லை. சத்தியம் செய்திருப்பதால் இங்கே மாற்றிச் சொல்ல முடியவில்லை. இந்த வாக்குமூலத்தை மூக்காயிக்கு யாராவது படித்துக் காட்ட நேர்ந்தால் இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிக்க முடியுமா என்று கேட்டேன். அப்படி எதையும் விட முடியாது என்று நடுவர் அவர்கள் சொன்னார். சரி என்று சொன்னேன்.

மேலே எழுதியிருப்பது நான் வாயால் சொன்னது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கிறது, சேர்க்கவும் நீக்கவும் எனக்கு எதுவும் இல்லை.

(ஒப்பம்)
வெ. அருணா