வெள்ளைக் கார்வெட்டின் ஏரியல் ஓட்டை

ஷார்ஜா, சனையா பகுதி காவல் நிலையம். திங்கட்கிழமை, காலை பத்து இருபது. வாக்குமூலம் தருபவர் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சொன்னபடியே தமிழில் எழுதியது. அரபி மொழிபெயர்ப்பு தனியே இணைக்கப்படும்.

பெயர் சோலையப்பன். தகப்பனார் பெயர் பாலகுரு. வயது 41. சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், மணமேல்குடி. தற்போது இருப்பது சனையா கம்பெனி கேம்ப், அறை எண் 14. தொழில் ஃபைபர் வேலை. எட்டாம் வகுப்பு வரை படிப்பு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இந்தி பேச மட்டும் தெரியும். அரபி எழுத்து ஒன்றும் தெரியாது.

என் மேல் கொடுத்திருக்கும் புகாரைப் படித்துச் சொன்னார்கள். நான் வேலை பார்க்கும் பழைய கார் கேரேஜில் இருந்த வெள்ளைக் கார்வெட் ரேஸ் காரிலிருந்து இடது பின்பக்க அசல் பேனலைக் கழற்றித் திருடிக்கொண்டு, அந்த இடத்தில் நானே செய்த பேனலை ஒட்டிவிட்டேன் என்பது புகார். கொடுத்தவர் கேரேஜ் மேனேஜர் சதீஷ்குமார். நான் திருடவில்லை. இந்தப் புகார் தீரும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது என்றும் சொன்னார்கள். இருபதாம் தேதி ஊருக்குப் போக எனக்கு டிக்கெட் போட்டிருந்தது. நான் இங்கே வந்த பிறகு பிறந்த மகனுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது, அவனை நான் நேரில் பார்த்ததில்லை. இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிக்கொள்ளவும்.

ஊரில் பதினோரு வருடம் ஃபைபர் படகு கட்டினேன். அதன் பிறகு அஜ்மானில் ஒரு படகு யார்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போனேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கேரேஜுக்கு வந்தேன். கார்வெட் என்கிற அமெரிக்க வண்டிக்கு இரும்பு பாடி கிடையாது, முழுக்க ஃபைபர். அதனால்தான் படகுக்காரனான என்னை எடுத்தார்கள். கேரேஜின் முதலாளியும், என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலும் மக்தூம் என்பவர். அவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். மற்றபடி எங்களுக்கு எல்லாமே கோயம்புத்தூர்க்காரரான சதீஷ்குமார்தான்.

பிப்ரவரி மாதம் முதல் வாரத்தில் அந்த வெள்ளை வண்டி கண்டெய்னரில் வந்தது. வண்டி உள்ளே வந்தால் அன்றைக்கே ஜாப் கார்டு எழுதி முன் கண்ணாடியில் ஒட்டுவது எங்கள் வழக்கம். இன்ன வேலை, இன்ன ஆள், இன்ன தேதி என்று அதில் இருக்கும். ஒரு போல்ட்டு மாற்றினாலும் எழுதுவோம். இந்த வண்டிக்குக் கார்டே போடவில்லை. நான் சதீஷ்குமாரிடம் இரண்டு தடவை கேட்டேன். அவசரம் இல்லை, அப்புறம் எழுதலாம் என்றார். அடுத்த நாள் தகரத் தடுப்பு வைத்து வண்டியைப் பின் ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு, அங்கே போன் கொண்டுபோகக் கூடாது என்றார். கல்யாணப் பெண்ணையே இப்படி மறைத்து வைக்க மாட்டார்கள். எனக்கு அன்றைக்கே சரியாகப் படவில்லை.

அதன் பிறகு இந்த வண்டியின் பெருமையைச் சதீஷ்குமார் எங்களுக்கு விளக்கினார். இது ரேஸுக்கென்றே செய்த வகை என்றும், 1967ல் அந்தக் கம்பெனி இப்படி இருபது வண்டிதான் செய்தது என்றும், இன்ஜினும் பானட்டும் வேறு என்றும் சொன்னார். ரேஸ் ஓட்டுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்று ரேடியோ வைக்கவில்லையாம், ஹீட்டரும் வைக்கவில்லையாம். ரேடியோ இல்லாததால் ஏரியலும் கிடையாதாம். சாமான் குறையக் குறைய மதிப்பு ஏறுகிற வண்டியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பஹ்ரைனில் ஈசா என்று ஒருவர் வாங்கப் பேசியிருக்கிறார், வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

அதன் பிறகு நான் பழைய பெயின்டைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாள், இடது பின் சக்கரத்துக்கு மேலே தேய்க்கும்போது வட்டமாக ஓரிடத்தில் நிறம் மாறித் தெரிந்தது. விரல் வைத்து அழுத்தினேன், உள்ளே அடைத்திருந்த பட்டி உதிர்ந்து கட்டைவிரல் போகிற ஓட்டை வந்தது. அது ஏரியல் ஓட்டை. சாதாரணக் கார்வெட் நான்கைந்துக்கு நான் வேலை செய்திருக்கிறேன், அவை எல்லாவற்றிலும் ஏரியல் அதே இடத்தில்தான் நிற்கும். ரேடியோவே வைக்காத வண்டிக்கு ஏரியல் ஓட்டையை எவன் போட்டான் என்று எனக்குள் கேட்டுக்கொண்டு, சதீஷ்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் பிறகு, "ஓட்டைய நீங்க பாக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க, சோலை. கலாஸ், அதோட முடிஞ்சுது" என்றார்.

ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அடைத்தால் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கிறவனுக்கு ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும், அதனால் பழையதுக்கு மோல்டு எடுத்துப் பேனலையே புதிதாக வார்த்து ஒட்ட வேண்டும், பழையதைத் துண்டு துண்டாக அறுத்துக் குப்பையில் போட வேண்டும் என்றார். நல்ல பேனலை ஏன் அறுக்க வேண்டும் என்று கேட்டதற்கு, என் லீவு பாரம் அவர் மேசையில் இருப்பதை நினைவுபடுத்திவிட்டுப் போனார். லீவு பாரத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்.

அவர் சொன்ன வேலையைச் சந்தேகம் வந்த பிறகும் செய்தேன். மோல்டு எடுக்க இரண்டு நாள், வார்க்க ஒரு நாள், ஒட்டித் தேய்க்க மூன்று நாள் ஆனது. புதுப் பேனலின் உள்பக்கம் பளபளவென்று இருந்ததால், கரியும் மண்ணும் பால் ஊற்றாத கட்டஞ்சாயாவும் கலந்து அதன் மேல் பூசச் சொன்னார். புதிதாக வாங்கி வந்த சீட் பெல்ட்டைச் சாயாவில் ஊறப்போட்டு மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டார்கள். கதவில் ஒரு ரேஸ் நம்பரை ஒட்டி, வெயிலில் வைத்து, மறுபடி சுரண்டி எடுத்து, அந்தத் தழும்பை மட்டும் விட்டார்கள். மக்தூம் அந்த நாட்களில் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் என்னை ஏதோ சாமான் வாங்க வெளியே அனுப்பிவிட்டார்கள். நடப்பது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது எல்லார் மேலும் சந்தேகமாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் 27ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, ஈசா சார்பில் வண்டியைச் சோதிக்க ஒருவர் வந்தார். பெயர் லக்சன். முப்பது வயது இருக்கும். லண்டனில் வளர்ந்தவர், பழைய ரேஸ் வண்டிகளைப் பார்த்து அசலா போலியா என்று சொல்வது அவர் வேலை. சதீஷ்குமாரிடம் இங்கிலீஷில்தான் பேசினார். வண்டியை லிப்டில் ஏற்றச் சொல்லி, அடியில் நின்று ஒவ்வொரு இடமாக ஈரத்துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பின்பக்கம் வந்ததும் துடைத்த துணியைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி துடைத்தார். அதன் பிறகு அங்கேயே நின்றுவிட்டார். பூசிய சாயாவும் கரியும் போய், ரெசின் பசைக்கு அடியில் கறுப்பாக ஒரு பிள்ளையார் சுழி தெரிந்தது.

அது நான் போட்டது. எங்கள் பக்கத்துப் படகு யார்டில் முதல் ஃபைபர் பாயான மேட்டை விரிக்கும் முன்னால், படகின் முன்பக்கம் அணியம் வருகிற இடத்தில் மார்க்கரால் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் ரெசினை ஊற்றுவோம். அது போடாத படகை யாரும் கடலில் இறக்க மாட்டார்கள். எத்தனை வருடம் ஆனாலும் கை தானாகப் போகும். இந்தப் பேனலுக்கும் கை போயிருக்கிறது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சதீஷ்குமார் சொல்வது பொய். அவ்வளவு மூளை இருந்தால் நான் ஏன் ரெசின் வாடையில் நிற்கிறேன்.

லக்சன் வண்டிக்கு அடியிலிருந்து குனிந்து எங்கள் பக்கம் பார்த்து, முதல் தடவையாகத் தமிழில், இலங்கைத் தமிழில் கேட்டார். "அண்ணை, இது பிள்ளையார் சுழியெல்லே? ஆர் போட்டது?"

அங்கே ஐந்தாறு பேர் நின்றோம். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் இந்தக் கேரேஜுக்கு வந்து மூன்று வருடத்தில் என் வேலையைப் பார்த்து இது யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. வாய் முந்திக்கொண்டது. "நாந்தான் தம்பி போட்டேன், அது போடாம நான் மேட் விரிக்கிறதில்ல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. 1967ல் அமெரிக்காவில் செய்த பேனலுக்கு நீங்கள் எப்படிச் சுழி போட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவர் படம் எடுத்துக்கொண்டு, சாயா கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சதீஷ்குமார் என்னை டூட்டிக்கு வர வேண்டாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் கேம்புக்கு வந்தார். மூன்று வருடத்தில் என் அறைக்குள் அவர் வந்தது அன்றைக்குத்தான். என் கட்டிலில் உட்கார்ந்து, மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அதன் பிறகு அரபியில் டைப் அடித்த ஒரு தாளை எடுத்து, வேலை செய்யும்போது பேனல் என் கையால் உடைந்துவிட்டது, பயந்துபோய்ச் சொல்லாமல் புதிது செய்து ஒட்டிவிட்டேன் என்று மட்டும்தான் இதில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் புகார் இல்லை, இருபதாம் தேதி நீங்கள் ஊருக்குப் போகலாம் என்றார். நான் யோசித்துப் போடுகிறேன், தாளை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். எட்டாவது படித்தவனால் அரபித் தாளை என்ன செய்துவிட முடியும் என்று நினைத்திருப்பார், வைத்துவிட்டுப் போனார்.

நான் பஸ் பிடித்து ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் செய்கு அலாவுதீன் பாயைத் தெரியும், கீழக்கரைக்காரர். விசா தாள், வாடகைத் தாள் எல்லாம் அவரிடம்தான் எங்கள் கேம்ப் ஆட்கள் கொடுப்பார்கள். அவர் ஒரு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். உடைந்தது என்ற சொல்லே அதில் இல்லை என்றார். அசல் பேனலை நான் கழற்றி வெளியே விற்றுவிட்டதாகவும், அதை ஒப்புக்கொள்வதாகவும் இருந்தது. அந்தத் தாளையும் இத்துடன் கொடுக்கிறேன். நான் கையெழுத்துப் போடாததால், மறுநாள் சதீஷ்குமார் இங்கே வந்து புகார் கொடுத்தார்.

அசல் பேனல் எங்கே என்று கேட்கிறீர்கள். அறுத்துக் குப்பையில் போட்டேன், குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. ஆனால் ஒரு துண்டை மட்டும் போடவில்லை. ஓட்டை இருந்த துண்டு. அதைத் துணியில் சுற்றிக் கேம்புக்குக் கொண்டுவந்து என் பெட்டிக்குள் வைத்திருந்தேன். எனக்குச் சுபாவமே அப்படி, பஸ் டிக்கெட்டைக்கூட வீடு சேரும்வரை தூக்கிப் போட மாட்டேன். சாதாரண வண்டியை ரேஸ் வண்டி என்று விற்கப் பார்க்கிறார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி, ஒருநாள் உதவும் என்று அப்போதே தோன்றியது. பாயிடம் இதைச் சொன்னபோது, "போலீசுல கொண்டு போய்க் கொடுத்தீகன்னா திருட்டுக் கேசு போயிரும், மோசடிக் கேசு வந்துரும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். மூன்று நாள் யோசித்தேன். மனைவி நாகஜோதியிடம் போனில் சொன்னேன். திருட்டுப் பயல் என்ற பேரோடு மட்டும் வர வேண்டாம் என்றாள்.

ஆகவே ஃபைபர் துண்டு ஒன்று, இரண்டு கை அகலம், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பழைய வெள்ளைப் பெயின்ட், இன்று அதிகாரி முன்னிலையில் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

ஓட்டையைப் பார்த்த அன்றே மக்தூமிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். லீவு பாரம் காரணம். அதைத் தவிர வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை. ஒரு பையனைப் பார்ப்பதற்காக வாயை மூடிக்கொண்டு பேனல் வார்த்தேன்.

இதில் இருப்பது நானாகச் சொன்னது, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னதல்ல. எழுதியதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில், மொழிபெயர்ப்பாளர் என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, "விவரம் தெரியாமல் அந்த வேலையைச் செய்தேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டு, "சந்தேகம் வந்த பிறகும் செய்தேன்" என்று எழுதச் சொன்னேன். இப்படி எழுதினால் இருபதாம் தேதி போக முடியாது, தெரியும்தானே என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். எழுதினார்.

(கையெழுத்து, தமிழில்) பா. சோலையப்பன்